ஒடிஸியின் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி இதுதான். 2012 ஹோண்டா ஒடிஸி, 1,03,000 மைல் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டும் மாற்ற டீலர் 1,400 டாலர் கேட்கிறார். நண்பர் ஒருவர் பெல்ட்டின் மேல்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட் புதுசு மாதிரி இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்" என்கிறார். ஆயில், பிரேக் பேட் வரை சொந்தமாக மாற்றிய அனுபவம் உண்டு. இதையும் நாமே செய்துவிடலாமா?

செய்யலாம். பிரேக் பேட் மாற்றிய கைக்கு எட்டாத வேலை இல்லை. ஆனால் ஆரம்பிக்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது திறமையைப் பற்றி அல்ல: இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்றாவது நாளும், இந்த வண்டி இல்லாமல் வீடு ஓடுமா? திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட இதே வண்டிதான் என்றால் டீலரிடமே கொடுத்துவிடுங்கள். இந்த வேலையில் கெடுவதெல்லாம் அவசரத்தில்தான் கெடுகிறது. டெக்சாஸில் என் வீட்டு கராஜில் இதை மூன்று முறை செய்திருக்கிறேன், என் 2011 ஒடிஸிக்கு ஒரு முறை, நண்பர்களின் வண்டிகளுக்கு இரண்டு முறை. முதல் தடவை பதினோரு மணி நேரம் ஆனது, மூன்றாவது தடவை ஆறு. ஊரில் என்றால் காலையில் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு சாயங்காலம் போய் எடுத்து வந்துவிடுவோம். இங்கே பில்லில் பாதிக்கு மேல் கூலி, அதனால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

முதலில் அந்த நண்பரின் தீர்ப்பு. பெல்ட் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். நான் கழற்றிய மூன்றும் அப்படித்தான் இருந்தன, ஒன்றில் எழுத்துகூட அழியவில்லை. பழைய காலத்துப் பெல்ட்டுகள் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும். இப்போதைய ரப்பர் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதுபோக, பெல்ட்டைவிட முன்னால் சாவது பெரும்பாலும் அதைச் சுற்றியிருப்பவைதான்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியின் பேரிங், வாட்டர் பம்ப். குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வலதுபக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கினால், டென்ஷனரின் எண்ணெய் கசிந்துவிட்டதா என்று சந்தேகப்படுங்கள். மேல்மூடியைத் திறந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது.

ஹோண்டாவின் பழைய அட்டவணை 1,05,000 மைல் அல்லது ஏழு வருடம், எது முந்துகிறதோ அது. உங்கள் மாடலில், எதை எப்போது மாற்ற வேண்டும் என்று வண்டியே சொல்லும் மெயின்டெனன்ஸ் மைண்டர் என்ற கணக்கு வந்துவிட்டது. டாஷ்போர்டில் துணைக்குறியாக 4 வந்தால் டைமிங் பெல்ட், ஸ்பார்க் பிளக், வாட்டர் பம்ப் சோதனை, வால்வு இடைவெளி சோதனை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது என்று பொருள். வழக்கமாக 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அல்லது மைனஸ் 20க்குக் கீழே ஓடும் வண்டிகளுக்கு 60,000 மைலிலேயே மாற்றச் சொல்கிறது ஹோண்டாவின் கையேடு. ஃபீனிக்ஸ் மாதிரி கடும் வெயில் ஊரில் இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். உங்கள் வண்டி மைல் கணக்கில் எல்லையைத் தொடுகிறது, வருடக் கணக்கில் எப்போதோ தாண்டிவிட்டது.

"பக்கத்து வீட்டு டொயோட்டா சியன்னாவுக்கு இப்படி ஒரு செலவே வரவில்லையே" என்று வீட்டில் கேட்பார்கள். உண்மைதான். 2007 முதல் வந்த சியன்னாவின் 3.5 லிட்டர் வி6-இல் (ஆறு சிலிண்டர் எஞ்சின்) ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் செயின். ஹோண்டாவிலேயே நான்கு சிலிண்டர் அக்கார்டில் 2003 முதல் செயின்தான், 2017 வரை வந்த அதே அக்கார்டின் வி6-இல் பெல்ட். ஒடிஸி, பைலட், ரிட்ஜ்லைன் எல்லாம் அந்த ஜே வரிசை வி6 குடும்பம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? பிஸ்டன்கள் சுற்றும் அச்சான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் அச்சான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கை எந்நேரமும் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை மட்டும்தான். அது அறுந்தால் கேம் இருந்த இடத்தில் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. 2,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு முப்பதுக்கு மேற்பட்ட சுற்று. திறந்தபடி நின்றுபோன வால்வின் தலையில் பிஸ்டன் ஏறி மோதும். ஜே வரிசை எஞ்சின் இப்படி மோதும் வகையைச் சேர்ந்தது. வால்வு வளைந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டும், அந்த பில்லுக்கு முன்னால் 1,400 டாலர் சில்லறை.

வாட்டர் பம்பை ஏன் கூடவே மாற்ற வேண்டும் என்றால், அதைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் ஒன்றின் விலை பெரிதில்லை, அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. பழைய பம்பை விட்டுவைத்து அடுத்த வருடம் அதன் சீல் போனால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகிப் புதுப் பெல்ட்டையும் நனைத்துக் கெடுக்கும். பேரிங் இறுகினால் பெல்ட்டே போய்விடும். எனவே பெல்ட், பம்ப், டென்ஷனர், டென்ஷனர் புல்லி, ஐட்லர் புல்லி ஐந்தையும் ஒரே கிட்டாக வாங்குங்கள். நான் மூன்று முறையும் ஐசின் கம்பெனி கிட் போட்டேன். ஹோண்டா பார்ட்ஸ் கவுண்டரில் தனித்தனியாக வாங்கினாலும் சரி. பெட்டியில் பேர் போட்டு உள்ளே வேறு சரக்கு வைத்து விற்கும் ஆன்லைன் ஆசாமிகள் ஏராளம். நாற்பது டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அவர்களிடம் மாட்ட வேண்டாம். வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்துப் பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஐட்லர் புல்லி போல்ட் ஒரு முறை மட்டுமே போடக்கூடியது, பல கிட்டுகளில் அது வராது. ஹோண்டாவில் இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன். கூலன்ட்டும் ஹோண்டாவின் நீல நிற டைப் 2. அது தண்ணீர் கலந்தே வருகிறது, மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கும் இந்த மைலில் மாற்ற வேண்டியதுதான், இப்போதே வாங்கிவிடுங்கள்.

கருவிகளில் சாதாரண ஸாக்கெட் செட், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு இரண்டு (சின்ன அளவுக்கு ஒன்று, பெரிய அளவுக்கு ஒன்று), ஜாக்கி, ஸ்டாண்டு போக, கட்டாயம் வேண்டியது 50 மில்லிமீட்டர் அறுகோணப் புல்லி பிடிப்பான். கிராங்க் புல்லியின் நடுவில் அறுகோணக் குழி இருக்கும். இந்தக் கருவி அதற்குள் உட்கார்ந்து புல்லியைச் சுற்றவிடாமல் பிடிக்கும், அதன் நடு ஓட்டை வழியே 19 மில்லிமீட்டர் ஸாக்கெட்டை விட்டு போல்ட்டைத் திருப்பலாம்.

இந்த கிராங்க் போல்ட்டைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். வீட்டில் செய்யப் புகுந்தவர்களில் பாதிப்பேர் இங்கேதான் வண்டியை டீலருக்கு இழுத்துப்போகச் சொல்கிறார்கள். பழைய ஜே எஞ்சின்களில் இதை முடுக்கும் அளவே 245 நியூட்டன் மீட்டர். பத்து வருடம் அப்படியே உட்கார்ந்த பிறகு கழற்ற அதைவிட எவ்வளவோ அதிகம் கேட்கும். என் முதல் அனுபவத்தில் இரண்டடி பிரேக்கர் பாரின் (ஸாக்கெட்டைத் திருப்பும் நீளக் கம்பி) மேல் நின்று குதித்தேன். அசையவில்லை. பாரின் முனையில் நான்கடி இரும்புக் குழாயைச் செருகி, ஸாக்கெட் நீட்டிப்பு சாயாதபடி அதன் கீழே ஒரு ஸ்டாண்டைத் தாங்கு கொடுத்து, பிடிப்பானின் கைப்பிடியைத் தரையில் முட்டவைத்து மெதுவாக அழுத்தியபோது டப்பென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போல்ட் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். இளகியிருந்தது! நீட்டிப்பு ஆடுவதுதான் பாதி பலத்தைத் தின்கிறது, அதனால் அந்தத் தாங்கு முக்கியம். நல்ல மின் இம்பாக்ட் ரெஞ்சும், இதற்கென்றே விற்கும் கனமான ஸாக்கெட்டும் இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம். மூன்றாவது வண்டியில் ஐந்து விநாடியில் வந்துவிட்டது. பாரைத் தரையில் முட்டவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள். பார் நழுவினால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, இந்த போல்ட் வரவில்லை என்றால் வேறெதையும் கழற்றிப் பயனில்லை. ஆகவே சக்கரத்தையும் உள்தட்டியையும் (சக்கரக் குழியின் உள்பக்கத் தடுப்பு) எடுத்ததும் முதலில் இதைத்தான் இளக்கிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டியே டீலரிடம் போய்விடலாம்.

இனி வரிசையாக வருகிறேன். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சில மாடல்களில் ரேடியோ திருட்டுத் தடுப்பு எண் கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வலது முன்சக்கரம், உள்தட்டி இரண்டையும் எடுங்கள். ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து கூலன்ட்டை ஒரு தட்டில் பிடியுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவுங்கள். அது இனிக்கும், நாய் பூனை நக்கிவிடும், விஷம். வெளிப் பெல்ட்டைக் கழற்றி, பவர் ஸ்டீயரிங் பம்பைக் குழாயோடு ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். ஆயில் பேனுக்குக் கீழே ஒரு மரப்பலகை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிக்கொண்டு வலதுபக்க எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கி மட்டும் வைத்தால் பேன் நசுங்கும். ஸ்பார்க் பிளக்குகளை இப்போதே எடுத்துவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாமல் கிராங்க் கையால் லேசாகத் திரும்பும், பிறகு எதிலாவது முட்டினால் கையிலேயே தெரியும்.

மேல்மூடிகள் இரண்டையும் எடுத்த பிறகு கிராங்கைக் கடிகார முள் திசையில் திருப்பி, புல்லியின் வெள்ளைக் கோட்டை அடிமூடியின் குறியோடும், முன் கேம் புல்லியின் குறியைப் பின்தகட்டின் குறியோடும் சேருங்கள். கிராங்க் சேர்ந்து கேம் குறி எங்கோ கீழே இருந்தால் பதற வேண்டாம், இன்னொரு சுற்று. பின் கேமும் சேர்கிறதா பாருங்கள். அது ஃபயர்வால் (எஞ்சினுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுச்சுவர்) பக்கம் இருட்டில் இருக்கிறது, கைபேசியை உள்ளே விட்டுப் படம் எடுத்தால்தான் தெரியும். புல்லியையும் அடிமூடியையும் எடுத்ததும் கிராங்க் பல்சக்கரத்தின் குறி ஆயில் பம்பின் அம்புக்குறிக்கு நேரே இருக்கும். மூன்று இடத்தையும் படம் எடுத்து, வெள்ளைப் பெயின்ட் பேனாவால் பழைய பெல்ட்டிலும் சக்கரங்களிலும் சேர்த்துக் கோடு போடுங்கள். கிராங்க் சக்கரத்துக்கு முன்னால் ஒரு வழிகாட்டித் தகடு இருக்கும். அதன் வளைந்த விளிம்பு எந்தப் பக்கம் என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் பெல்ட்டின் ஓரத்தை அறுத்துவிடும்.

அடுத்து ஹோண்டாவின் கையேடே சொல்லும் ஒரு வேடிக்கையான உபாயம். பேட்டரியைப் பிடித்திருக்கும் நீளக் கம்பி போல்ட் ஒன்றை எடுத்து, முனையைக் கொஞ்சம் சாய்வாகத் தேய்த்து, டென்ஷனர் புல்லிக்கு அருகில் இருக்கும் துளையில் கையால் திருகுங்கள். டென்ஷனர் இருந்த நிலையிலேயே நிற்கும். பிறகு ஐட்லர் போல்ட்டைக் கழற்றினால் பெல்ட் தளர்ந்து வந்துவிடும். வரும் அந்த நொடியில் பின் கேம் டக்கென்று சில பல் தாவும், வால்வு ஸ்பிரிங்கின் தள்ளல் அது. நெஞ்சு திக்கென்னும். எதுவும் உடையவில்லை. கேம் போல்ட்டில் ஸாக்கெட் வைத்து, போன வழியே மெதுவாகத் திருப்பி, குறிக்குக் கொண்டுவந்தால் போதும். கேமை முழுச் சுற்று சுற்றாதீர்கள். பெல்ட் இல்லாதபோது கிராங்கையும் திருப்பாதீர்கள்.

பம்ப் எளிது. 10 மில்லிமீட்டர் தலை வைத்த ஐந்து போல்ட். ரேடியேட்டரை வடித்திருந்தாலும் பம்பை இழுத்ததும் பிளாக்கில் நின்ற கூலன்ட் குபுக்கென்று கொட்டும், தட்டும் பழைய துண்டும் தயாராக இருக்கட்டும். உட்காரும் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். அலுமினியத்தில் கத்தி பட்டால் அந்தக் கோடு வழியாகவே ஒழுகும். புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். போல்ட்டுகளுக்கு 12 நியூட்டன் மீட்டர்தான். கிராங்க் போல்ட்டோடு மல்லுக்கட்டிய அதே வேகத்தில் இதையும் முறுக்கினால் பிளாக்கிலேயே முறிந்து நிற்கும்.

புது டென்ஷனர், அமுக்கிப் பிடித்து வைக்கும் ஓர் ஊசியோடு (பின்) வரும். டென்ஷனரைப் போட்டு, அந்த ஊசியை அப்படியே விட்டுவையுங்கள். ஐட்லரைப் புது போல்ட்டில் ஆடும் அளவுக்குத் தளர்வாக வைத்து, பெல்ட்டை இந்த வரிசையில் ஏற்றுங்கள்: கிராங்க், ஐட்லர், முன் கேம், வாட்டர் பம்ப், பின் கேம், கடைசியில் டென்ஷனர் புல்லி. ஒவ்வொரு இடைவெளியிலும் தொய்வில்லாமல் இழுத்துக்கொண்டே வந்தால், மிஞ்சும் தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேரும். மேலே காகித கிளிப் போட்டுப் பெல்ட்டை முன் கேமில் பிடித்துக்கொண்டால் மூன்றாவது கை தேவைப்படாது. பிறகு ஐட்லர் போல்ட்டை 45 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள்.

முதல் முறை நான் சறுக்கியது இங்கேதான். இரவு ஒன்பது மணி, "என்னங்க, சாப்பாடு ஆறுது" என்று இரண்டாவது தடவை குரல் வந்தது. மேலிருந்து சாய்வாக எட்டிப் பார்த்தேன், மூன்று குறியும் சேர்ந்த மாதிரி இருந்தது. டென்ஷனர் ஊசியை உருவினேன். கிராங்கைக் கையால் ஆறு சுற்று சுற்றிவிட்டுப் பார்த்தால் பின் கேம் ஒரு பல் தள்ளி நிற்கிறது. சாய்வாகப் பார்த்ததில் கண் ஏமாந்திருந்தது. மறுபடி பேட்டரி போல்ட், மறுபடி ஐட்லர், அதற்குப் புது போல்ட் கையில் இல்லை. மறுநாள் மதியம் வரை வண்டி அப்படியே நின்றது. இரண்டு வாங்கச் சொன்னது அதனால்தான். ஊசியை உருவும் முன் கைபேசியைப் புல்லிக்கு நேர் எதிரே பிடித்துப் படம் எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அல்லது சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள்.

ஆறு சுற்றும் கடிகாரத் திசையில், கையால்தான். எங்காவது கல்லில் முட்டிய மாதிரி நின்றால் அழுத்தாதீர்கள், அது வால்வு. ஆறு சுற்றுக்குப் பின் மூன்று குறியும் சேர்ந்தால்தான் மூடிகளைப் போட வேண்டும். பழைய பெல்ட்டின் கோடுகளைப் பார்த்துப் புதியதிலும் கோடு போட்டிருந்தால், அவை இப்போது பொருந்தாது, அது இயல்பு. சக்கரங்களின் குறிகளை மட்டும் பாருங்கள். கிராங்க் போல்ட்டைத் திரும்ப முடுக்குவதில் மாடலுக்கு மாடல் முறை வேறு. பழையதற்கு நேராக 245 நியூட்டன் மீட்டர், பிந்தையவற்றில் குறைந்த அளவுக்கு முடுக்கி அதன்மேல் 60 டிகிரி திருப்பல். உங்கள் வருடத்துக் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள், இம்பாக்ட்டால் முடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி குறைந்தது இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை காத்திருந்து, குறையக் குறைய ஊற்றுங்கள். ஒடிஸியில் பின்சீட்டுக்கும் தனி ஹீட்டர் குழாய் போவதால் காற்று வெளியேற நேரம் எடுக்கும், பின் ஹீட்டரையும் போட்டுவிடுங்கள். சூடான காற்று வராமல் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் குமிழி இருக்கிறது. பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றாமல் நகர அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

முதல் வாரம் தினமும் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவையும் அடிமூடியின் கீழ் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெயின்டெனன்ஸ் மைண்டரில் 4-ஐ ரீசெட் செய்யுங்கள். மேல்மூடியின் வெளிப்பக்கம் தேதியையும் மைலையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நாளை வண்டியை விற்கப் போனால் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வியே பெல்ட் மாற்றியாச்சா என்பதாகத்தான் இருக்கும், கிட் வாங்கிய ரசீதையும் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.